வணிகப் பள்ளிக்குப் பரிந்துரைக் கடிதம்: செட்டிநாட்டிலிருந்து விண்ணப்பிப்போருக்கும் அவர்களுக்காக எழுதப்போகும் பெரியவர்களுக்கும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வெளிநாட்டு எம்.பி.ஏ. படிப்புக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் ஜிமேட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணுக்காக மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். கட்டுரைகளைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறார்கள். பரிந்துரைக் கடிதத்தை மட்டும் வீட்டுக்கு வேண்டிய பெரிய மனிதர் ஒருவரிடம் கடைசி வாரத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். விண்ணப்பப் படிவம் முழுவதிலும் விண்ணப்பதாரரைப் பற்றி வேறொருவர் பேசுகின்ற இடம் அது ஒன்றுதான். சேர்க்கைக் குழுவினர் அதைக் கவனமாகப் படிப்பதற்குக் காரணமும் அதுவே. நல்ல மதிப்பெண்ணும் நல்ல வேலையும் உள்ள ஒருவரின் விண்ணப்பம், அவரைச் சரியாக அறியாத ஒருவரின் பொத்தாம்பொதுவான கடிதத்தால் வலுவிழப்பது எளிதில் தவிர்க்கக்கூடிய இழப்பு என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், யாருக்கு இந்தக் கடிதம் தேவை என்பது. கேட் (CAT) நுழைவுத் தேர்வு வழியாகச் சேரும் இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐஐஎம்களின் இரண்டாண்டுப் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கப்படுவதில்லை. அமெரிக்க, ஐரோப்பிய வணிகப் பள்ளிகள் பெரும்பாலும் கேட்கின்றன. ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் பிரான்ஸின் இன்சியாடும் இரண்டு கேட்கின்றன. எம்ஐடியின் வணிகப் பள்ளியான ஸ்லோன் ஒன்றுதான் கேட்கிறது. எண்ணிக்கையும் கேள்விகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தந்தப் பள்ளியின் தளத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கடிதம் என்று சொன்னாலும், அலுவலக முத்திரையிட்ட தாளில் எழுதி உறையில் இட்டு உங்கள் கையில் கொடுக்கும் காகிதம் இதுவன்று. விண்ணப்பத்தில் பரிந்துரையாளரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பதிந்தவுடன், பள்ளியிலிருந்து நேரடியாக அவருக்கு ஓர் இணைப்பு செல்லும். அதைத் திறந்து அவர் சில கேள்விகளுக்குப் பதில் எழுதி, குணங்களையும் திறன்களையும் வரிசைப்படுத்திய அட்டவணை ஒன்றில் மதிப்பீடு குறித்து, தாமே சமர்ப்பிக்க வேண்டும். ஜிமேட் தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பு பல பள்ளிகளுக்கும் பொதுவான ஒரு படிவத்தை உருவாக்கியிருக்கிறது. விண்ணப்பதாரருடன் உங்களுக்கு என்ன தொடர்பு, இதே நிலையில் உள்ள தகுதி வாய்ந்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர் எப்படி, நீங்கள் அவருக்குச் சொன்ன மிக முக்கியமான திருத்தம் எது, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் ஆகியவையே அதன் முக்கியக் கேள்விகள். இந்தப் படிவத்தைப் பயன்படுத்தாத பள்ளிகளும் ஏறக்குறைய இவற்றையேதான் கேட்கின்றன.

யாரிடம் கேட்பது

கேள்விகளைப் படித்தாலே பதில் சொல்லத் தகுந்தவர் யார் என்பது விளங்கிவிடும். உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவராகவும், உங்களைப் போன்ற பலரைப் பார்த்தவராகவும், தவறு செய்தபோது அதை முகத்துக்கு நேரே சொன்னவராகவும் அவர் இருக்க வேண்டும். செட்டிநாட்டார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், பெட்டியடிப் பையனாக (கடைநிலை உதவியாளாக) சேர்ந்த ஒருவரை அடுத்தாளாக (மேலாளுக்கு அடுத்த பொறுப்புக்கு) உயர்த்தலாமா என்பதைக் கடையில் கூடவே இருந்து கணக்கைச் சரிபார்த்த மேலாள் சொன்னால்தான் முதலாளிக்கு நம்பிக்கை வரும். ஊரில் இருக்கும் உறவினர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவர் சொல்லுக்கு அந்த விஷயத்தில் எடை குறைவு. வணிகப் பள்ளிகள் கேட்பதும் அந்த மேலாளின் வார்த்தையைத்தான்.

ஆகவே சட்டமன்ற உறுப்பினர், கல்லூரித் தாளாளர், கோயில் அறங்காவலர், ஓய்வுபெற்ற உயர் அதிகாரி போன்றவர்களின் பெயர்கள் எவ்வளவு மதிப்புக்குரியவையாக இருந்தாலும், உங்களோடு வேலை செய்யாதவர்கள் என்றால் அவர்களை அணுக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தமது மேலதிகாரியின் மேலதிகாரியிடம் கடிதம் வாங்கினால் பெருமை என்று நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். துணைத் தலைவர் எழுதும் நான்கு மேம்போக்கான வரிகளைக் காட்டிலும், உங்கள் குழுத் தலைவர் நிகழ்ச்சிகளோடு எழுதும் ஒரு பக்கம் பன்மடங்கு பயன்தரும்.

சென்னையிலோ பெங்களூரிலோ கோவையிலோ நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு வழி ஓரளவு தெளிவானது. இப்போதைய நேரடி மேலதிகாரியே முதல் தேர்வு. ஸ்டான்ஃபோர்டு அதை வெளிப்படையாகவே எதிர்பார்க்கிறது. வேலையை விடப்போவது தெரிந்தால் பதவி உயர்வு தடைபடும் என்ற அச்சம் இருந்தால், முந்தைய மேலதிகாரியையோ உங்கள் வேலையை நேரில் பார்த்த வாடிக்கையாளரையோ கேட்டுவிட்டு, இப்போதைய மேலதிகாரியை ஏன் கேட்கவில்லை என்பதைக் கூடுதல் தகவலுக்கான பகுதியில் இரண்டு வரிகளில் எழுதிவிடலாம். பள்ளிகள் இந்த நிலையைப் புரிந்துகொள்கின்றன.

இறுதியாண்டு மாணவர்களுக்கென ஹார்வர்டின் 2+2 போன்ற திட்டங்கள் உள்ளன. இப்போதே இடத்தை உறுதி செய்துகொண்டு, சில ஆண்டுகள் வேலை பார்த்த பின் சேரலாம். அழகப்பா பல்கலைக்கழகத்திலோ அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியிலோ படிப்பவர்கள், செயல்திட்டத்தை வழிநடத்திய பேராசிரியரையும், பயிற்சிக்குச் சென்ற இடத்தில் மேற்பார்த்தவரையும் கேட்கலாம். காரைக்குடியிலுள்ள சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் திட்டப்பணி செய்திருந்தால், அங்கே வழிகாட்டிய அறிவியலாளர் மிகப் பொருத்தமானவர்.

குடும்பத் தொழிலில் இருப்பவர்களுக்கு

நம் பக்கத்தில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் (தரை ஓடு) பட்டறை, கண்டாங்கிச் சேலை வியாபாரம், அரிசி ஆலை, பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றி நடத்துதல், நிதி நிறுவனம் என்று எதுவானாலும், மேலதிகாரி என்று சொல்லத்தக்கவர் அப்பாவாகவோ பெரியப்பாவாகவோ தாய்மாமனாகவோ இருப்பார். உறவினர் எழுதும் கடிதத்தைப் பள்ளிகள் ஏற்பதில்லை. ஏற்றாலும் அதற்கு மதிப்பில்லை. குடும்பப் பெயர் வேறாக இருப்பதால் தெரியாது என்று எண்ணி மாமாவிடமோ அத்தானிடமோ கடிதம் வாங்குவது நேர்மைக் குறைவு. சேர்க்கை முடிவான பிறகும் பள்ளிகள் பின்புலச் சரிபார்ப்பு செய்கின்றன. அப்போது உறவு வெளிப்பட்டால் கிடைத்த இடமே போய்விடக்கூடும்.

நம் ஊர்களில் தொழில் தொடர்புள்ளவர்களில் யாராவது ஒரு வகையில் சொந்தக்காரராகவே இருப்பார் என்பது உண்மைதான். தூரத்துப் பங்காளி ஒருவர் மெய்யாகவே உங்கள் பெரிய வாடிக்கையாளராக இருந்து, அவரைத் தவிர வேறு பொருத்தமானவர் இல்லையென்றால், தொடர்பு பற்றிய முதல் கேள்விக்கான பதிலிலேயே அந்த உறவை அவர் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். முடிந்தவரை அதைத் தவிர்ப்பதே நல்லது.

அப்படியானால் யார்? உங்களிடம் தொடர்ந்து சரக்கு வாங்கும் கட்டடக் கலைஞர், ஏற்றுமதி வாங்குபவர், விடுதிக்கு விருந்தினர்களை அனுப்பும் பயண நிறுவனத்தின் பொறுப்பாளர், ஆலைக்கு இயந்திரம் அமைத்துத் தந்த நிறுவனத்தின் பொறியாளர், நீங்கள் பொறுப்பு வகித்த வணிகர் சங்கத்தின் தலைவர் ஆகியோர் நல்ல தேர்வுகள். இவர்களில் உங்களோடு நேரடியாகப் பேரம் பேசி, உங்கள் முடிவால் லாபமோ நட்டமோ அடைந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், எழுதுவதற்கு அவரிடம் செய்தி இருக்கும். தணிக்கையாளரும் மிக நல்ல தேர்வு. ஆனால் அவர் அப்பாவின் தணிக்கையாளராக மட்டும் இருந்து உங்களைக் கணக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் பிள்ளையாகவே பார்த்திருந்தால் பயனில்லை. ஜிஎஸ்டி வந்தபோது கணக்கு முறையை மாற்றியதையோ கடனைக் குறைத்ததையோ நீங்கள் முன்னின்று செய்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். வங்கி மேலாளருக்கும் இது பொருந்தும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-இல் சென்னையிலும் ரங்கூனிலும் காரைக்குடியிலும் ஒரே நாளில் தொடங்கப்பட்டது; அத்தகைய ஊரில் வங்கியோடு தலைமுறைத் தொடர்பு உள்ள குடும்பங்கள் பல. அந்தத் தொடர்பு குடும்பத்தினுடையது. கடன் விண்ணப்பத்தை நீங்களே தயாரித்து, மேலாளர் எழுப்பிய கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லியிருந்தால் மட்டுமே அவர் உங்களைப் பற்றி எழுத முடியும்.

எப்போது, எப்படிக் கேட்பது

பெரும்பாலான அமெரிக்கப் பள்ளிகளில் முதல் சுற்றுக்கான கடைசி நாள் செப்டம்பரிலும், இரண்டாம் சுற்றுக்கானது ஜனவரித் தொடக்கத்திலும் வரும். பரிந்துரைக் கடிதத்துக்கும் பெரும்பாலும் அதே நாள்தான் கெடு. இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். தணிக்கையாளரிடம் கேட்பவர்கள் இன்னும் முன்கூட்டியே கேட்பது அவசியம். வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கான கெடு வழக்கமாக செப்டம்பர் 30 என்பதால், ஆகஸ்டும் செப்டம்பரும் அவர்கள் மூச்சுவிட நேரமில்லாத மாதங்கள். மே மாதத்தில் பேசி, ஜூன் முடிவதற்குள் குறிப்புகளைக் கொடுத்துவிடுவது அவருக்கும் உங்களுக்கும் நல்லது.

நேரில் போய்க் கேளுங்கள். கல்யாண வீட்டுப் பந்தியிலோ, கோயில் வாசலிலோ, அப்பா மூலமாகவோ கேட்காதீர்கள். அப்பா கேட்டால் அவருக்காக ஒத்துக்கொள்வார்கள். அந்தக் கடிதத்தில் உங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. இதில் மிகவும் இன்றியமையாதது, மறுப்பதற்கு அவருக்கு இடம் கொடுப்பது. “ஐயா, மூன்று வருடமாக என் வேலையைப் பார்த்திருக்கிறீர்கள். எம்.பி.ஏ. படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். என்னைப் பற்றி உதாரணங்களோடு எழுத உங்களால் முடியுமா? கேள்விகளுக்குப் பதில் எழுத சில மணி நேரம் ஆகும். நேரம் இல்லையென்றாலோ, எழுதுவதற்குப் போதுமான அளவு என்னைத் தெரியாது என்று நினைத்தாலோ தயங்காமல் சொல்லுங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன்” என்று கேட்டால், அவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். தயக்கம் தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைத் தேடுங்கள். மனமில்லாமல் எழுதிய கடிதத்தைப் படிப்பவர் உடனே உணர்ந்துகொள்வார்.

ஒத்துக்கொண்ட பிறகு, இரண்டு பக்கத்துக்கு மேற்படாத நினைவுக்குறிப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அவரோடு சேர்ந்து செய்த வேலைகள், அவை நடந்த மாதமும் ஆண்டும், அவற்றில் உங்கள் பங்கு, கிடைத்த விளைவு, அவர் உங்களைக் கண்டித்துத் திருத்திய தருணங்கள், ஏன் படிக்கப் போகிறீர்கள், எந்தப் பள்ளிகள், எந்தத் தேதிகள் ஆகியவை அதில் இருக்கட்டும். பள்ளிகளின் பட்டியலைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் அவர் தனியாக உள்நுழைந்து அட்டவணையை நிரப்ப வேண்டியிருக்கும். நினைவுக்குறிப்பில் நடந்தவற்றை நினைவூட்டலாம். உங்களைப் பற்றிய புகழ்ச்சி வாக்கியங்களையோ, அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய பத்திகளையோ எழுதிக் கொடுக்கக் கூடாது.

“நீயே எழுதிக்கொண்டு வா”

இப்படிச் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே மிகப் பலர். அன்பினாலும் வேலைப் பளுவினாலும் சொல்கிறார்கள்; ஆங்கிலத்தில் எழுதத் தயங்கியும் சொல்கிறார்கள். விண்ணப்பதாரர் தமக்கான கடிதத்தைத் தாமே எழுதுவது, பரிந்துரையாளர் கேட்டுக்கொண்டாலும், பள்ளிகளின் விதிகளுக்கு எதிரானது. பிடிபடும் அச்சம் ஒருபுறம் இருக்கட்டும். அப்படி எழுதிய கடிதம் தரத்திலும் தாழ்ந்ததாகவே இருக்கும். உங்கள் கட்டுரையின் நடையிலேயே இரண்டு கடிதங்களும் இருந்தால், நாள்தோறும் நூற்றுக்கணக்கில் படித்துப் பழகிய கண்களுக்கு அது தெரியாமல் போகாது. அதோடு, உங்களைப் பற்றி நீங்களே அறியாத ஒன்றை அவர் கவனித்திருப்பார். அது கடிதத்தில் வராமலே போய்விடும்.

ஆங்கிலம்தான் தயக்கத்துக்குக் காரணம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. அவர் தமிழில் தம் மனத்தில் உள்ளதைச் சொல்லட்டும். அவருடைய அலுவலகத்தில் ஆங்கிலம் அறிந்த ஒருவரோ, அவருடைய மகளோ மகனோ அதை எழுதட்டும். எழுதியதைத் தமிழில் சொல்லக் கேட்டு அவர் ஒப்புக்கொண்ட பின் அவரே சமர்ப்பிக்கட்டும். மொழிபெயர்ப்பு பற்றிப் பள்ளிக்குத் தனி விதி இருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பவர் நீங்களாகவோ உங்கள் வீட்டாராகவோ இருக்கவே கூடாது. ஆங்கிலம் எளிமையாக இருந்தால் யாரும் குறையாக எண்ணப் போவதில்லை. குறுகிய, நேரான வாக்கியங்களே போதும்.

கடிதம் எழுதப்போகும் பெரியவர்களுக்கு

ஐயா, ஆச்சி, இந்தப் பகுதி உங்களுக்கானது. “இவர் கடின உழைப்பாளி, நேர்மையானவர், தலைமைப் பண்பு மிக்கவர், நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர்” என்று எழுதினால் அதில் பொய் இல்லை; ஆயினும் படிப்பவருக்கு அதனால் ஒன்றும் தெரிவதில்லை. குடும்பத்தைப் பற்றிய வரியை முழுவதுமாக விட்டுவிடலாம். மற்ற மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் குணத்தை நீங்கள் கண்ட ஒரு நாளை எழுதுங்கள். ஆத்தங்குடிக் கல் பட்டறை நடத்தும் ஓர் இளைஞருக்காகக் கட்டடக் கலைஞர் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொண்டால், கடிதத்தின் ஒரு பகுதி இப்படி அமையலாம்:

“நான் வடிவமைத்த ஒரு விடுதிக்கு வந்த முதல் லாரியில் பல கற்கள் மூலை உடைந்திருந்தன. சொன்ன மறுநாளே அவர் நேரில் வந்தார். உடைந்தவற்றைத் தம் செலவில் மாற்றித் தருவதாகச் சொன்னார். அதோடு என் தள மேற்பார்வையாளருடன் அமர்ந்து, கற்களை அடுக்கிய முறையை விசாரித்தார். அடுத்த லாரியில் கற்கள் செங்குத்தாக நிறுத்தி வைத்து, இடையில் வைக்கோல் கொடுத்து வந்தன. உடைப்பு மிகவும் குறைந்துவிட்டது. சரக்கு பழுதானால் மாற்றித் தரும் வியாபாரிகள் பலரோடு வேலை செய்திருக்கிறேன். பழுதுக்குக் காரணம் தேடி வந்து தம் முறையையே மாற்றிக்கொண்டவர்கள் அவர்களில் மிகச் சிலர்.”

ஒப்பீட்டுக் கேள்விக்கான பதில் கடைசி இரண்டு வரிகளில் வந்துவிட்டதைக் கவனியுங்கள். யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைச் சொன்னால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. அட்டவணையில் எல்லாக் கட்டங்களிலும் உச்ச மதிப்பீட்டைக் குறித்தால் நன்மை செய்வதாக எண்ண வேண்டாம். எழுதிய உதாரணங்களோடு பொருந்தும்படி, சிலவற்றில் மிக உயர்வாகவும் சிலவற்றில் சற்றுக் குறைவாகவும் குறிப்பதே நம்பத்தக்கது.

திருத்தம் பற்றிய கேள்விதான் நம் பெரியவர்களை மிகவும் தயங்கச் செய்கிறது. பிள்ளையின் எதிர்காலத்துக்கான கடிதத்தில் குறையை எழுதுவதா என்று மனம் ஒப்பாமல், “அளவுக்கு மீறி உழைக்கிறார், உடல்நலத்தைக் கவனிக்கச் சொன்னேன்” என்று எழுதிவிடுகிறார்கள். பள்ளிகள் இந்த வரியைப் பலமுறை பார்த்துவிட்டன. அவர்கள் அறிய விரும்புவது, குறை சொன்னபோது இவர் என்ன செய்தார் என்பதை. மெய்யான, திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு குறையை எழுதுங்கள். மேற்சொன்ன கட்டடக் கலைஞர் இப்படி எழுதலாம்:

“கற்கள் தண்ணீரில் ஊறிக் காய்வதற்கு ஆகும் நாட்களைக் கணக்கில் எடுக்காமல், வாடிக்கையாளர் கேட்ட தேதிக்கெல்லாம் சரி என்று சொல்லிவிடும் வழக்கம் அவருக்கு இருந்தது. ஒரு மழைக்காலத்தில் என் வேலை இதனால் தாமதமானது. வாக்குக் கொடுப்பதற்கு முன் பட்டறையைக் கேளுங்கள் என்று கடுமையாகவே சொன்னேன். முதலில் மழையைக் காரணம் காட்டினார். ஒரு வாரத்துக்குப் பிறகு, பட்டறையில் நாளொன்றுக்கு எத்தனை கற்கள் செய்ய முடியும் என்பதை வேலையாட்களோடு சேர்ந்து எழுதிய தாளுடன் வந்து, என் அடுத்த வேலைக்கு நான் கேட்டதைவிடப் பத்து நாள் தள்ளித் தேதி கொடுத்தார். அந்தத் தேதியில் சரக்கு வந்தது.”

இதைப் படிப்பவருக்கு அந்த இளைஞர் மீது மதிப்பு கூடவே செய்யும். முதலில் சாக்குச் சொன்னதையும் மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் பிறகு வரும் மாற்றம் உண்மையாகத் தெரிகிறது. நேர்மை, பிறரிடம் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றில் உங்களுக்கே ஐயம் இருந்தால், அதைக் கடிதத்தில் எழுதுவதைவிட, கடிதம் எழுத இயலாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை

பரிந்துரையாளரின் அலுவலக மின்னஞ்சல் முகவரியையே பதிவு செய்யுங்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் பலருக்கு ஜிமெயில் மட்டுமே இருக்கும். அதைக் கொடுப்பதானால், அவருடைய நிறுவனத்தின் பெயர், பதவி, தொலைபேசி எண் ஆகியவற்றைச் சரியாக நிரப்பினால் பள்ளி சரிபார்ப்பது எளிதாகும். இணைப்புள்ள மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடுவது அடிக்கடி நிகழ்வதால், பதிவு செய்த அன்றே அவரை அழைத்து வந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தைப் பிற்காலத்தில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவம் கேட்கும். ஃபெர்பா என்ற 1974-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், சேர்ந்த மாணவருக்குத் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தருவதால் வரும் கேள்வி இது. விட்டுக்கொடுப்பதாகவே குறியுங்கள், அப்போதுதான் எழுதுபவர் மனம் திறந்து எழுதியிருப்பார் என்று பள்ளி நம்பும்.

கெடு நேரம் அமெரிக்க நேரப்படி இருக்கும். கிழக்குக் கடற்கரை நேரம் நண்பகல் 12 மணி என்றால், செப்டம்பரில் நமக்கு இரவு 9.30, ஜனவரியில் இரவு 10.30. அந்த நேரம் வரை காத்திருக்கும்படி யாரையும் வைக்கக் கூடாது. உண்மையான கெடுவுக்குப் பத்து நாள் முன்னதாக ஒரு தேதியை அவரிடம் சொல்லி, அதற்கு ஒரு வாரம் முன்பு பணிவாக ஒருமுறை நினைவூட்டினால் போதும். கடிதம் வந்து சேர்ந்ததா என்பதை விண்ணப்பத் தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

எழுதிய பதில்களின் படி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரையாளரிடம் சொல்லுங்கள். பள்ளியிலிருந்தோ, பள்ளி அமர்த்திய சரிபார்ப்பு நிறுவனத்திலிருந்தோ பின்னர் அழைப்பு வந்தால் அவருக்கு அது உதவும். முடிவு எதுவானாலும், தெரிந்த அன்றே அவருக்கு நீங்களே சொல்லுங்கள். இடம் கிடைக்காமல் மறு ஆண்டு விண்ணப்பிக்க நேர்ந்தால், பழைய பரிந்துரையை ஏற்பார்களா, புதிதாகக் கேட்பார்களா என்பதைப் பள்ளியின் தளத்தில் பார்த்துக்கொண்டு, புதிதாக எழுதுவதானால் இடைப்பட்ட ஓராண்டில் உங்கள் வேலையில் என்ன மாறியது என்பதை மையமாக வைத்து எழுதும்படி அவரைக் கேளுங்கள்.